கள்வர் இலக்கணமும் களவுச் சான்றும்: சிலப்பதிகார வழக்கில் குணச் சான்று, முற்செயல் சான்று ஆகியவற்றின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் ஒரு குற்றத்தைச் செய்தாரா என்பதை அவர் எத்தகையவர் என்பதைக் கொண்டோ, முன்னர் என்ன செய்தார் என்பதைக் கொண்டோ முடிவு செய்யலாமா என்பது குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை ஆகிய மூன்றும் இவ்வினாவை வெவ்வேறு நிலைகளில் எதிர்கொள்கின்றன. பாண்டியனின் பிழை விரைவு மட்டுமன்று. களவுக்கான சான்று இருக்கவேண்டிய இடத்தில் கள்வர் பற்றிய பொதுக்கூற்று அமர்ந்ததே வழக்கின் அடிப்படைப் பிழை என்பது இக்கட்டுரையின் கருத்து. மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனம் இதற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது. வழக்கு மன்றத்தில் காப்பியம் மறுத்த அதே சிந்தனை, பொற்கொல்லர் ஆயிரவர் பலியில் திரும்ப வருவதையும், 1871, 1872ஆம் ஆண்டுகளின் சட்டங்களில் அதே முரண் காணப்படுவதையும் இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், மத்தவிலாசம், குணச் சான்று, முற்செயல், சாட்சியச் சட்டம், குற்றப் பரம்பரைச் சட்டம்

1. முன்னுரை

கோவலன் கொலையுண்டதற்குத் திறனாய்வாளர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: ஊழ்வினை, பொற்கொல்லனின் வஞ்சம், ஆராயாது ஆணையிட்ட அரசனின் விரைவு. மூன்றும் நூலுக்குள்ளேயே சான்றுடையவை. எனினும் இவை, 'வஞ்சம் எவ்வாறு வென்றது?' என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை. பொற்கொல்லன் ஊர்காவலரை ஏமாற்றியது பொய்ச்சாட்சியால் மட்டுமன்று. கோவலன் சிலம்பைத் திருடியதைத் தான் கண்டதாக அவன் அவர்களிடம் கூறவில்லை. கள்வர் எத்தகையவர் என்றே விரித்துரைத்தான். அவ்வுரை முடிந்தபோது கோவலன் கள்வனாகியிருந்தான்.

இக்கட்டுரையில் 'குணச் சான்று' என்பது ஒருவரின் பொதுவான நற்பெயர், இழிபெயர், இயல்பு ஆகியவற்றைக் குற்றத்தோடு பொருத்தும் சான்றைக் குறிக்கும். 'முற்செயல் சான்று' என்பது விசாரணைக்குரிய குற்றமல்லாத, அவரது பிற செயல்களைக் காட்டும் சான்றைக் குறிக்கும். பழங்காப்பியத்தை இக்காலச் சட்டத்தால் அளந்து தீர்ப்பு வழங்குவது இங்கு நோக்கமன்று. சட்டம் வகுத்துள்ள வேறுபாடுகள், காப்பியத்தில் ஏற்கெனவே உள்ள வேறுபாடுகளைத் தெளிவாகக் காண உதவுகின்றன. அந்த அளவிலேயே அவை பயன்படுத்தப்படுகின்றன.

2. சட்டம் வகுக்கும் எல்லை

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், குற்ற வழக்குகளில் குணச் சான்றைச் சமமற்ற முறையில் நடத்தியது. குற்றம் சாட்டப்பட்டவர் நற்குணமுடையவர் என்பது பொருந்து நிகழ்வு (பிரிவு 53). அவர் தீய குணமுடையவர் என்பது பொருந்தாது. அவர் தரப்பில் நற்குணச் சான்று தரப்பட்டால் மட்டுமே அதற்கு மறுப்பாக அது வரலாம் (பிரிவு 54). தீய குணமே வழக்கின் பொருளாக அமையும் இடத்தில் இத்தடை இல்லை. மேலும், குணம் என்பதற்குப் பொதுமதிப்பு, பொது இயல்பு ஆகியவற்றையே சான்றாகத் தரலாம். பிரிவு 54 விலக்கும் இடம் நீங்கலாகத் தனித்தனிச் செயல்களைத் தர இயலாது (பிரிவு 55இன் விளக்கம்). 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, இவ்விதிகளைப் பெரிதும் மாற்றாமல் 46 முதல் 50 வரையுள்ள பிரிவுகளில் தொடர்கிறது.

நற்குணச் சான்றுக்கும் வரம்பு உண்டு. ஹபீப் முகம்மது எதிர் ஐதராபாத் மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரின் நடத்தையை விளங்கிக்கொள்வதற்கு அவரது குணம் உதவும் என உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர் பகவான் சுவரூப் எதிர் மகாராட்டிர மாநிலம் என்னும் வழக்கில், குணச் சான்று மிக வலுவற்றது என்றும் நேரடியான உறுதிச் சான்றை அது விஞ்ச இயலாது என்றும் கூறியது.

முற்செயல் முற்றிலும் விலக்கப்படுவதில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14, 15ஆம் பிரிவுகள் (இன்றைய 12, 13), மனநிலையை மெய்ப்பிக்கவும், ஒரு செயல் தற்செயலா திட்டமிட்டதா என்பதைத் தெளிவிக்கவும் முற்செயல்களை ஏற்கின்றன. பிரிவு 14இல் உள்ள எடுத்துக்காட்டு ஒன்று எல்லையைக் கூர்மையாக வரைகிறது: ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அதே ஆளை முன்னரும் சுட முயன்றார் என்பது பொருந்தும்; பொதுவாக மனிதர்களைச் சுடும் பழக்கமுடையவர் என்பது பொருந்தாது. 1894இல் மேக்கின் வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த நெறியும் இதுவே. இத்தகைய குற்றம் செய்யக்கூடியவர் என்று காட்டுவதற்காக மட்டும் பிற செயல்களைக் கொண்டுவரக் கூடாது. வழக்கின் பொருளோடு வேறு வகையில் அவை தொடர்புற்றால் கொண்டுவரலாம்.

இவற்றிலிருந்து மூன்று படிநிலைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, வழக்கின் பொருளோடு தொடர்புடைய, அவரது முற்செயல். இரண்டாவது, தொடர்பில்லாத, ஆனால் அவரே செய்த முற்செயல். மூன்றாவது, பிறர் செய்த செயல்கள், அவரும் அவ்வகையினர் என்னும் அனுமானத்தால் அவர்மேல் ஏற்றப்படுவது. சட்டம் முதலாவதை ஏற்கிறது. இரண்டாவதைப் பொதுவாக விலக்குகிறது. மூன்றாவதைச் சான்றாக எண்ணுவதே இல்லை. பொற்கொல்லன் நின்ற படி மூன்றாவது.

3. கொலைக்களத்தில் நிகழ்ந்த வாதம்

பாண்டியன் நெடுஞ்செழியன் இட்ட ஆணை நிபந்தனை உடையது. தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருந்தால் என்பதே நிபந்தனை. களவு நடந்த அண்மைக் காலத்தில் களவுப் பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் வந்த வகையைக் கூற இயலாதவிடத்து, அவரைக் கள்வராகக் கருதலாம் என்று இக்காலச் சட்டமும் கூறுவதால் (1872ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 114, முதல் எடுத்துக்காட்டு), நிபந்தனை தன்னளவில் முறையற்றதன்று. ஆனால் அதனுள் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளன. கையிலுள்ள பொருள் காணாமற்போன பொருளே என அறிதல் ஒன்று. வைத்திருப்பவரிடம் விளக்கம் கேட்டல் மற்றொன்று. இரண்டும் நிகழவில்லை. இவை ஏன் தேவையற்றவையாகத் தோன்றின என்பதற்கு ஆணையின் சொல்லமைப்பே விடை தருகிறது. கள்வனுக்கு அரசன் தரும் அடைமொழி, களவில் பழகி முதிர்ந்தவன் என்னும் பொருளுடையது. விசாரிக்கப்படாத ஒருவன், ஆணையின் எழுவாயிலேயே வழக்கமான குற்றவாளி ஆகிவிடுகிறான். நிபந்தனை பயனிலையில் இருக்கிறது; தீர்ப்போ பெயரில் அமைந்துவிடுகிறது.

அரசன் கொல்லும்பொருட்டுக் கொணர்க என்று சொல்லக் கருதி, வாய் தவறிக் கொன்று கொணர்க என்றான் என உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. இவ்விளக்கம் ஓர் எச்சத்தின் வடிவத்தில் பிழையைத் தேடுகிறது. அவ்வெச்சம் திருத்தப்பட்டிருந்தாலும் அடைமொழி எஞ்சியிருக்கும். அரசன்முன் கொண்டுவரப்படுபவன் முதிர்ந்த கள்வனாகவே வந்திருப்பான்.

ஆணையோடு வந்த ஊர்காவலர் கோவலனைக் கண்டு தயங்குகின்றனர். இவனுடைய தோற்ற இலக்கணம் கொலைக்குரியவனுடையதன்று என்கின்றனர். இது கோவலனுக்கு ஆதரவாக எழுந்த நற்குணச் சான்று. உடற்குறியை அடிப்படையாகக் கொண்டதாதலின் வலுவற்றது. எனினும் ஓர் உயிரைக் காக்கும் தயக்கத்தை அது தோற்றுவித்தது. அதற்கு மறுப்பாகவே பொற்கொல்லன் பேசுகிறான். மறுப்பாகத் தீய குணத்தைக் கூறலாம் என்னும் சட்ட விலக்கோடு இக்கட்டம் வடிவத்தில் ஒத்திருப்பது கருதத்தக்கது. ஆனால் மறுப்பு, மறுக்கப்படும் ஆளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். பொற்கொல்லனின் உரையில் கோவலனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டையும் துணையாகக் கொண்டு கள்வர் தொழில் நடத்துவர் என்று அவன் வகைப்படுத்துகிறான். பின்னர் ஒரு முற்செயலைக் கூறுகிறான். தூதர் கோலத்தில் வாயிலில் இருந்து, பெண் கோலத்தில் இருளில் புகுந்து, துயின்ற இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து, அவன் வாளுக்கும் தப்பி மறைந்த ஒரு கள்வனின் கதை அது. அக்கள்வனுக்கும் கோவலனுக்கும் உள்ள தொடர்பு எதுவென அவன் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

கேட்பதற்கு மாறாக, காவலருள் இளையவன் ஒருவன் தன் கதையைச் சேர்க்கிறான். மழைக்கால இரவில் உளியோடு வந்த ஒரு கள்வன் தன் கையிலிருந்த வாளையே பறித்துச் சென்றதையும், பின் அவனைக் காண இயலாமற்போனதையும் கூறுகிறான். இங்கே காப்பியத்தின் நுட்பம் வெளிப்படுகிறது. முதல் கதை வஞ்சகன் கூறியது. இரண்டாவது கதை அஞ்சியவன் கூறியது. இரண்டாவதில் பொய் இருக்கவேண்டிய தேவையே இல்லை. அது முழுவதும் உண்மையாக இருந்தாலும் கோவலனைப் பற்றி எதையும் மெய்ப்பிக்காது. பொதுக்கூற்றின் ஆற்றல் அது பொய்யாக இருப்பதில் இல்லை. கேட்போர் ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைக் கொண்டு அதை நிறைவு செய்துகொள்வதில் இருக்கிறது. சான்றுக்குப் பதிலாக நினைவுகள் அடுக்கப்படுகின்றன. அந்நிலையில், செய்யாதொழிந்தால் அரசன் தண்டிப்பான் என்னும் அச்சமும் சேர, கல்லாதவன் ஒருவனின் வாள் வீசப்படுகிறது.

இதற்கு முந்திய அடைக்கலக் காதையில் கோவலனின் முற்செயல்களை மாடலன் கவுந்தியடிகளின் முன்னிலையில் விரித்துரைப்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். யானையின் கையிலிருந்து முதிய அந்தணரை மீட்டது, கீரியைக் கொன்றதால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் துயர் துடைத்தது, பொய்ச்சாட்சி கூறியவனைப் பூதம் பற்றியபோது அவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தது ஆகிய மூன்றும் அங்குக் கூறப்படுகின்றன. படிப்போர்க்குக் கோவலனின் உண்மையான முற்செயல்கள் தெரியும். காவலர்க்கோ யாரோ செய்த முற்செயல்கள் மட்டுமே கூறப்படுகின்றன. பொய்ச்சாட்சி கூறியவனுக்கே இரங்கியவன் சாட்சியே இன்றிக் கொல்லப்படுகிறான் என்னும் முரண், இவ்விரு காதைகளையும் அடுத்தடுத்து வைத்த அமைப்பால் விளைவது.

4. மறுக்கும் சான்றையும் விழுங்கும் வாதம்: மத்தவிலாச ஒப்பீடு

இவ்வகை வாதத்தின் உள்ளியக்கத்தை அவலத்தில் காண்பதினும் நகையில் காண்பது எளிது. தொண்டை நாட்டில் அதற்கு ஒரு நூல் உண்டு. செங்கற்பட்டை அடுத்த வல்லத்தின் குடைவரையும் மண்டகப்பட்டுக் குடைவரையும் எவர் காலத்தனவோ அந்த முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் அது. வடமொழியிலும் பிராகிருதத்திலும் அமைந்த இவ்வங்கதம் காஞ்சியைக் களமாகக் கொண்டது. 1917இல் கணபதி சாத்திரியார் இதைத் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். சிலப்பதிகாரத்தோடு இதற்கு நூல்வழித் தொடர்பு உண்டென்று இங்குக் கருதப்படவில்லை. ஒரே வாதமுறை இரு வேறு சுவைகளில் கையாளப்படுவதே ஒப்பீட்டுக்கு அடிப்படை.

சத்தியசோமன் என்னும் காபாலிகன் மதுமயக்கத்தில் தன் கபாலத்தை இழக்கிறான். அதில் இறைச்சி இருந்தது. எனவே அதை நாய் எடுத்திருக்க வேண்டும், அல்லது பௌத்தத் துறவி எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறான். அவ்வழியே தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துச் சென்ற நாகசேனன் என்னும் துறவி பிடிபடுகிறான். காபாலிகனின் குற்றச்சாட்டு, துறவியின் செயலிலிருந்து தொடங்கவில்லை. களவு நூல் செய்த கரபடரினும் புத்தரே பெரியவர். வேதாந்தத்திலிருந்தும் பாரதத்திலிருந்தும் கருத்துகளைக் கவர்ந்தவர் அவர் என்பது அவன் வாதம். ஆசிரியர் கள்வராதலால் மாணவரும் கள்வர் என்பது அதன் உட்கிடை. களவைக் குறிக்கும் கரவடம் என்னும் சொல் தமிழிலும் வழங்குவதை நோக்க, களவு நூல் என்னும் கருத்து இரு மொழிச் சூழலிலும் அறியப்பட்டதென்பது புலனாகும்.

துறவி தன் சமயத்தின் ஒழுக்க விதிகளை ஓதித் தான் கொடாததைக் கொள்ளாதவன் என்கிறான். காபாலிகனோ பொய் கூறாமை தன் நெறி என்கிறான். நடுவராக நிற்கும் பாசுபதன் இரண்டும் பொருந்துவனவே என்று கூறி, முடிவுக்கு வழி யாது எனத் திகைக்கிறான். இரு தரப்பு நற்குணச் சான்றும் ஒன்றையொன்று நீக்கிவிட, தொடங்கிய இடத்திலேயே வழக்கு நிற்கிறது. துறவி இறுதியில் பாத்திரத்தைக் காட்டுகிறான். அது கபாலம் அன்று, நிறமும் வேறு. பொருட்சான்று வெளிப்பட்டதும் வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிறம் மாறியிருப்பதே அவனது வஞ்சத்தைக் காட்டுகிறது என்று காபாலிகன் சாதிக்கிறான்.

பொற்கொல்லனின் வாதமும் இவ்வாறே இயங்குகிறது. கோவலனின் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்னும் தடை எழுந்தபோது, மாற்றுத் தோற்றம் கொள்வதே கள்வர் தொழில் என்பது விடை. எவரும் அவனைக் களவு நடந்த இடத்தில் காணவில்லையே என்று கேட்டிருந்தால், மந்திரத்தால் மறைவது அவர் இயல்பு என்னும் விடை ஆயத்தமாக இருந்தது. எதிர்ச் சான்று எதுவாயினும் அது குற்றச்சாட்டுக்கே வலுவூட்டும்படி அமைவது இவ்வாதத்தின் இலக்கணம். சாட்சியச் சட்டம் தீய குணத்தை விலக்குவதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம், கேட்போர் மனத்தில் அது தப்பெண்ணம் விளைக்கும் என்பது. இவ்விரு நூல்களும் அதனினும் ஆழமான ஒரு காரணத்தைக் காட்டுகின்றன: அத்தகைய வாதத்தைப் பொய்யாக்கக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் எந்தக் கருவியும் எஞ்சுவதில்லை.

மத்தவிலாசத்தில் வழக்கு மன்றத்திற்குச் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது, விகாரங்களின் செல்வத்தால் பௌத்தர் மன்றத்தாரின் வாயை அடைத்துவிடுவர் என்று காபாலிகனின் துணைவி தேவசோமை மறுக்கிறாள். நாயிடமிருந்து கபாலத்தைப் பறித்த பித்தன் ஒருவன் அங்கு வந்து சேர்வதால் மட்டுமே உண்மை வெளிப்படுகிறது. நகைநாடகத்தில் தற்செயல் காக்கிறது. காப்பியத்தில் அதுவும் இல்லை.

5. வழக்குரை காதை: குலப்பெருமையிலிருந்து பரலுக்கு

கண்ணகியின் வழக்குரையைச் சான்று நோக்கில் காணும்போது அதில் ஒரு திருப்பம் புலப்படுகிறது. அவள் முதலில் கூறுவது தன் ஊரின் பெருமை: புறாவின் துயர் தீர்த்த மன்னனும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனும் ஆண்ட புகார். அடுத்து, பழியற்ற புகழுடைய பெருங்குடியைச் சேர்ந்த மாசாத்துவானின் மகன் என்று கோவலனை அறிமுகப்படுத்துகிறாள். இவை பொதுமதிப்பைக் காட்டும் நற்குணச் சான்றுகள். அரசன் இவற்றால் அசையவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்பது அவன் விடை. அவ்விடையில் கோவலன் கள்வனா என்பது முடிந்துபோன செய்தியாகவே உள்ளது. கள்வனைக் கொல்லலாமா என்பது மட்டுமே வினாவாக நிற்கிறது.

அவ்விடத்தில் கண்ணகி குலத்தையும் குணத்தையும் விட்டுவிடுகிறாள். தன் சிலம்பின் உள்ளே இருப்பவை மாணிக்கப் பரல்கள் என்கிறாள். வினா உடனே மாறுகிறது. இச்சிலம்பு எவருடையது என்பது ஆராயத்தக்க, மெய்யென்றோ பொய்யென்றோ காட்டத்தக்க ஒரு செய்தி. அரசனும் அதை ஏற்றுத் தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துப் பரல்கள் என்று எதிர்ச்செய்தி தருகிறான். சிலம்பு கொணரப்பட்டு உடைக்கப்படுகிறது. இவ்வளவில், ஆணையின்போது செய்யப்படாத பொருள் அடையாளம் காணல், கொலைக்குப் பின் நிகழ்கிறது. சொல்லுக்குச் சொல் எனும் நிலை பொருளுக்குப் பொருள் என மாறியதே கண்ணகியின் வெற்றி. அவளது சினத்தையும் கற்பின் ஆற்றலையும் போற்றும் திறனாய்வுகள், மன்றத்தில் அவள் வென்றது அவ்வாற்றலால் அன்று, ஆய்வுக்கு உட்படும் சான்றால் என்பதை உரிய அளவு அழுத்தவில்லை. அரசனை வீழ்த்தியது சாபம் அன்று. தெறித்த ஒரு பரல்.

உயிர் நீங்குமுன் அரசன் கூறும் தன்குற்ற ஏற்பும் இந்நோக்கில் பொருள் மிக்கது. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்கிறான். கள்வன் என்னும் பெயர், ஒரு வகையினரைக் குறிப்பதிலிருந்து விலகி, ஒரு செயலைச் செய்தவரைக் குறிப்பதாக அங்கே திரும்புகிறது.

6. முற்செயலின் உரிய இடம்: கட்டுரை காதை

காப்பியம் முற்செயலை முற்றிலும் புறக்கணிக்கவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் இருவகை முற்செயல்களைக் கூறுகிறது. ஒன்று பாண்டியர் குடியின் நற்செயல்கள்: தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் வரலாறும், தவறாகச் சிறையிடப்பட்ட வார்த்திகனை விடுவித்து, பிழை பொறுக்க வேண்டி, ஊர்களை வழங்கிய வரலாறும். மற்றொன்று கோவலனின் முற்பிறப்புச் செயல்: பரதன் என்னும் பெயருடன் பிறந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொலைப்படுத்தியது.

இவை வைக்கப்பட்டுள்ள வரிசையே கருதத்தக்கது. வழக்குரை இருபதாம் காதையில் முடிகிறது. முற்செயல்கள் இருபத்துமூன்றாம் காதையில் வருகின்றன. கோவலன் குற்றமற்றவன் என்பதும் அரசன் பிழைத்தான் என்பதும் பொருட்சான்றால் உறுதிப்பட்ட பின்னரே முற்செயல்கள் கூறப்படுகின்றன. அவை தீர்ப்பை மாற்றுவதில்லை. நிகழ்ந்ததற்கு விளக்கம் தருகின்றன. இன்றைய நடைமுறையிலும் முந்தைய தண்டனையால் கூடுதல் தண்டனை கோரப்படும் வழக்குகளில், அத்தண்டனை பற்றிய குற்றச்சாட்டு, நடப்புக் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை படிக்கப்படுவதில்லை. செய்தாரா என்னும் வினாவையும், செய்தவருக்கு உரியது என்ன என்னும் வினாவையும் பிரித்து வைக்கும் ஒழுங்கு இது. ஊழ்வினையைக் காப்பியத்தின் ஆற்றல்மிக்க கொள்கையாகக் கொள்வோர், அவ்வூழ் வழக்கு மன்றத்தில் சான்றாக ஒருபோதும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக் காணுதல் வேண்டும்.

மேலும், பரதன் செய்ததும் பொற்கொல்லன் செய்ததும் ஒரே வகைக் குற்றம். வேற்றூரிலிருந்து பொருள் விற்க வந்த அயலான், ஒற்றன் என்றோ கள்வன் என்றோ பெயர் சூட்டப்பட்டுக் கொல்லப்படுகிறான். அயலானுக்காகக் குணச் சான்று கூற ஊரில் எவரும் இரார் என்பதே இருவரின் இடரும்.

7. ஆயிரவர் பொற்கொல்லர்: காப்பியத்தின் உள்முரண்

இதுவரை கூறியவற்றோடு கட்டுரை முடியுமாயின், சிலப்பதிகாரம் குணவகை வாதத்தை மறுக்கும் நூல் என்று எளிதில் கூறிவிடலாம். உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் அம்முடிவைத் தடுக்கின்றன. மழையின்றி நாடு வாடியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே நாளில் பலியிட்டான் என்றும், பின்னர் மழை பெய்தது என்றும் அவை கூறுகின்றன.

ஒரு பொற்கொல்லனின் குற்றத்துக்கு ஆயிரவர் பொறுப்பாக்கப்படுகின்றனர். அவருள் எவரும் சிலம்பைத் திருடவில்லை, பொய் கூறவுமில்லை. அவர் செய்த தொழிலே அவரைக் குற்றத்தோடு பிணைக்கிறது. இது மூன்றாம் படி. கொலைக்களத்தில் பொற்கொல்லன் நின்ற அதே படி. அங்கே கள்வர் என்னும் வகை ஒருவனைக் கொன்றது. இங்கே பொற்கொல்லர் என்னும் வகை ஆயிரவரைக் கொல்கிறது. முன்னதைக் கொடுமை எனக் காட்டிய நூல், பின்னதை நாட்டின் நன்மைக்கான சாந்தியாகக் கூறி அமைகிறது.

எண்ணை மிகை என்று கொண்டோ, பழைய சடங்கு மரபின் எச்சம் என்று கொண்டோ இதைக் கடந்துவிடலாம். ஆனால் மிகை என்று கொண்டாலும் சிந்தனை முறை மாறுவதில்லை. காப்பியம் தன் மன்றத்துக்குள் கடைப்பிடித்த ஒழுங்கை மன்றத்துக்கு வெளியே கடைப்பிடிக்கவில்லை என்பதே நேர்மையான முடிவு. வழக்கில் ஒருவரை வகையால் அளத்தல் பிழை. வழக்கற்ற இடத்தில் அதற்குத் தடையில்லை. பொற்கொல்லர் மீதான ஐயம் பிற்காலத் தமிழ் வழக்கில் தொடர்ந்ததற்கு இக்காப்பியப் புகழும் ஒரு துணையாயிற்றா என்பது தனியே ஆராயத்தக்கது.

8. 1871உம் 1872உம்

மன்றத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்னும் இப்பிளவு பழங்காலத்தோடு முடிந்ததன்று. தீய குணத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று விதித்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் வைசிராய் மன்றத்தின் சட்ட உறுப்பினராக இருந்த காலத்திலேயே, அதற்கு முந்திய ஆண்டில், குற்றப் பரம்பரைச் சட்டமும் நிறைவேறியது. முழுச் சமூகங்களையும் பிறப்பால் குற்ற இயல்புடையவையென அறிவித்துப் பதிவு செய்வதற்கும், அவர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் அச்சட்டம் வழி வகுத்தது. முதலில் வட மாகாணங்களுக்கு உரியதாயிருந்த அம்முறை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் இப்பதிவை எதிர்த்தபோது காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

நீதிமன்றத்தின் வாயிலில் தடுக்கப்பட்ட சான்று, காவல் நிலையத்தின் பதிவேட்டில் இடம்பெற்றது. ஒருவர் முன்னர் திருடினார் என்று நீதிமன்றத்தில் கூற இயலாது. ஆனால் அவர் திருடும் சமூகத்தில் பிறந்தார் என்பதற்காக அவரை இரவில் காவல் நிலையத்துக்கு வரவழைக்க இயலும். சென்னை மாகாணம் இச்சட்டத்தை 1947இல் நீக்கியது. நாடு முழுவதும் அது 1952இல் நீங்கியது. எனினும் 1948ஆம் ஆண்டின் சென்னை வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆளைக் குறித்த ஐயத்துக்கு வேறு வடிவம் தந்தது. பாண்டியனின் அடைமொழி சட்டத்தின் பெயராயிற்று என்று கூறுவது மிகையாகாது. பிறப்புக்குப் பதிலாக முந்தைய தண்டனைகளை அடிப்படையாகக் கொண்டது இதன் வேறுபாடு. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்தது எனலாம்.

விசாரணைக்கு முந்திய கட்டத்தில் இவ்வேறுபாடு காக்கப்படுகிறதா என்பதே இன்றைய வினா. கடலூர் மாவட்டத்தில் 1993இல் நகைக் களவு ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் காவலில் கொல்லப்பட்ட நிகழ்வு, சென்னை உயர் நீதிமன்றத்தால் வெளிக்கொணரப்பட்டது. 2021இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படம் அதை அடிப்படையாகக் கொண்டது. படம் அவரை இருளராகக் காட்டியது. குறவரை இருளராக மாற்றியும் கதை எவ்விடத்திலும் நம்பகம் இழக்காதது, செங்கற்பட்டு முதல் கடலூர் வரை வாழும் அச்சமூகத்தின் மீதும் அதே ஐயம் படிந்துள்ளதைக் காட்டும். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறை விதித்தொகுப்புகளில் இருந்த சாதிவழிப் பாகுபாடுகளை நீக்கியதோடு, சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் செல்லாதவை என்றது. சட்ட நூலில் நீங்கிய வகைப்பாடு சிறை நூலில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது என்பதை அத்தீர்ப்பு வெளிப்படுத்துகிறது.

9. முடிவுரை

சிலப்பதிகாரத்தில் அரசன் பிழைத்ததற்கு விரைவு ஒரு காரணமாயினும், அவ்விரைவை இயல்வித்தது கள்வர் பற்றிய பொதுக்கூற்று. கோவலனைப் பற்றிய ஒரு செய்தியும் இன்றி அவன் கொலைக்குரியவனாக்கப்பட்டான். மத்தவிலாசத்தோடு ஒப்பிடும்போது, இவ்வகை வாதம் தனக்கு எதிரான சான்றையும் தனக்கே சான்றாக மாற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பது தெளிவாகிறது. கண்ணகி குலப்பெருமையை விடுத்துப் பரலைக் காட்டியபோதே வழக்கு உண்மையில் தொடங்கியது. முற்செயலைத் தீர்ப்புக்குப் பின் வைத்த காப்பிய அமைப்பு, இன்றைய நடைமுறையோடு ஒத்த ஓர் ஒழுங்கைக் கொண்டுள்ளது.

எனினும், ஆயிரவர் பலி அவ்வொழுங்கின் எல்லையைக் காட்டுகிறது. சான்று விதிகள் மன்றத்துக்குள் மட்டுமே ஆள்கின்றன. கோவலன் மன்றத்தை அடையவேயில்லை. அவன் வழக்கு முழுவதும் தெருவில், காவலர் நடுவில் நடந்து முடிந்தது. ஆகவே குணச் சான்றைப் பற்றிய ஆய்வு நீதிமன்றத்தின் ஏற்பு, விலக்கு விதிகளோடு நில்லாமல், ஐயம் முதலில் உருவாகும் பதிவேடு, விசாரணை, கைது ஆகிய இடங்களுக்கும் நீள வேண்டும். தமிழ் இலக்கியத் திறனாய்வு இதற்குச் செய்யத்தக்க பணியும் உண்டு: கள்வர், பொற்கொல்லர், குறவர், எயினர் எனப் பழைய நூல்கள் வகைபற்றிக் கூறும் இடங்களை, அவை ஆளைப் பற்றிய கூற்றாக மாறும் இடங்களிலிருந்து பிரித்துத் தொகுத்தல். பொற்கொல்லன் உரை முடிந்ததும் காவலர் எவரும் கேட்காத கேள்வி, இவன் என்ன செய்தான் என்பது. அக்கேள்வியை நூல்களிடமும் கேட்பதே அத்தொகுப்பின் பயன்.